நடுவில் முளைத்த முதல் பக்கம்

கதையின் நடுவே மறுபடியும் முகப்புப் படமா? 1970களில் பிரிட்டனில் வெளிவந்த ஸ்பைடர்மேன் வார இதழைப் புரட்டியபோது, அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

அமெரிக்காவில் மாதமொருமுறை சுமார் 20 பக்கங்களில் வந்த கதைகள் அவை. பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கோ வாராவாரம் காமிக்ஸ் வாங்கித்தான் பழக்கம். அதனால் 1972இல் தொடங்கிய ‘தி மைட்டி வேர்ல்ட் ஆஃப் மார்வெல்’ வார இதழ், ஒரு கதையைத் துண்டாக்கி வெளியிட்டது. வெட்டிய இடத்தில் அடுத்த வாரம் தொடங்க, மூலத்தில் இல்லாத முழுப்பக்கப் படத்தைப் புதிதாக வரைந்து சேர்த்தார்கள். வண்ணமும் பெரும்பாலும் போய்விட்டது.

1975இல் வந்த ‘தி டைட்டன்ஸ்’ இன்னும் வேடிக்கை. இதழையே படுக்கை வாட்டில் அச்சிட்டு, ஒரு பக்கத்தில் இரண்டு பக்கங்களை அடக்கினார்கள். எழுத்து எறும்பளவு!

என் கையிலிருந்த பிரதியில் மூலக் கதாசிரியர், ஓவியர் பெயர்கள் இருந்தன. அந்த ஒட்டுப் பக்கத்தை வரைந்தவர் பெயரை மட்டும் காணோம்.