3.3 வோல்ட் பலகையில் 5 வோல்ட்: மழை இரவில் கைவிடக்கூடிய ஓர் இணைப்பு

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை கண்டி மாவட்டத்தின் பல மலைச்சரிவுகளைப் பெயர்த்தது. வீட்டருகே ஓடும் ஓடையின் நீர்மட்டம் உயர்ந்தால் ஒலியெழுப்பும் கருவியொன்றை உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவரே செய்துவிடலாம். ஆனால் அதில் ஒரு கம்பியைக் கவனிக்காவிட்டால், தேவையான இரவில் கருவி ஊமையாகிவிடும்.

நீர்மட்டத்தை அளக்க மலிவாகக் கிடைக்கும் எச்.சி.எஸ்.ஆர்.04 மீயொலி உணரி 5 வோல்ட்டில் இயங்குகிறது. அதைப் படிக்கும் இ.எஸ்.பி.32 பலகையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. திரான்சிஸ்டர்கள் சிறிதாகச் சிறிதாக அதிக மின்னழுத்தத்தைத் தாங்கும் வலுவை இழந்தன. மின்சாரமும் மிச்சமாகும் என்பதால் புதிய சிப்புகள் 3.3 வோல்ட்டுக்கு இறங்கின. பழைய பாகங்கள் 5 வோல்ட்டிலேயே நின்றுவிட்டன.

இரண்டையும் நேரடியாக இணைத்தால் மேசையில் வேலை செய்வதுபோலவே தோன்றும். அதுதான் ஆபத்து. தாங்கும் எல்லையைக் கடந்த மின்னழுத்தம் முனையை உடனே எரிக்காமல், நாளடைவில் பழுதாக்கலாம்.

தீர்வு இரண்டு தடையிகள். உணரியின் 'எக்கோ' முனையிலிருந்து 1 கிலோ ஓம் தடையி வழியாகப் பலகையின் முனைக்கு வர வேண்டும். அதே முனையிலிருந்து 2 கிலோ ஓம் தடையி தரைக்கு (கிரவுண்ட்) செல்ல வேண்டும். 5 வோல்ட்டின் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 3.3 வோல்ட், மட்டுமே பலகையை அடையும். இரு பாகங்களின் தரைக் கம்பிகளும் ஒன்றாக இணைந்திருப்பது கட்டாயம்.

எதிர்த்திசையில் சிக்கல் வேறு. 5 வோல்ட்டில் இயங்கும் 74எச்.சி. வகைச் சிப்பு, ஏறத்தாழ 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் 'ஆம்' என்று உறுதியாக ஏற்கும். 3.3 வோல்ட் சிலவேளை போதும், சிலவேளை போதாது. அங்கே 2 வோல்ட்டையே ஏற்கும் 74எச்.சி.டி. வகை பொருத்தம். ஒரே கம்பியில் இருபுறமும் தகவல் செல்லும் ஐ2சி இணைப்புக்குத் தடையிப் பிரிப்பு உதவாது; 'லெவல் ஷிஃப்டர்' எனக் கடைகளில் விற்கும் சிறு பலகை வேண்டும்.

வன்னியில் குளத்து நீர்மட்டம் பார்க்கும் கருவிக்கும் இதே விதிதான்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இது மேலதிகக் காவல் மட்டுமே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையைத் தாண்டினால் அவதானத்தையும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற்றத்தையும் அறிவுறுத்துகிறது. கருவி ஒலிக்கவில்லை என்பதற்காக யாரும் வீட்டில் தங்கிவிடக்கூடாது.