பதினொன்றரை லிட்டரில் ஒரு மலைப்பாதை

பூனைக்கு எட்டாமல் தயிரும் வெண்ணெயும் வைக்க அந்தக் கால வீடுகளில் உறி கட்டியிருந்தார்கள். உத்தரத்திலிருந்து கயிறு, கயிற்றில் பிரிமணை, பிரிமணையில் சட்டி. பூனை ஏமாந்தது. கண்ணன் ஏமாறவில்லை, கூட்டாளிகளின் தோளில் ஏறி உறியைத் தொட்டுவிட்டான். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் நடைபயணம் போகிறவர்களும் பல பத்தாண்டுகள் மரக்கிளையில் உறி கட்டித்தான் சாப்பாட்டைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அங்கே கண்ணனாக வந்து சேர்ந்தது கரடி.

கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் கட்டினால், அதைக் கடித்து அறுத்தால் மேலே இருப்பது கீழே விழும் என்று கரடிகள் சீக்கிரமே கற்றுக்கொண்டன. சரி, முனையே இல்லாமல் கட்டுவோம் என்று மனிதர்கள் யோசித்தார்கள். சம எடையுள்ள இரண்டு பைகளைக் கிளையின் இரு பக்கமும் தராசுத் தட்டுகள் போலத் தொங்கவிட்டார்கள். தாய்க்கரடியின் எடையைத் தாங்காத மெல்லிய கிளைதானே என்று நிம்மதியாகத் தூங்கினார்கள். தாய் கீழேயே நின்றுகொண்டது. குட்டி கிளையில் ஏறிப் போனது. ஆயர்பாடிக் கதையேதான்.

இவற்றுக்குக் கருங்கரடி என்று பெயர். சியராவில் பார்க்கக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பழுப்பு நிறம். இவற்றைவிடப் பெரிய கிரிஸ்லி கரடி கலிபோர்னியாவில் 1920-களிலேயே அழிந்துவிட்டது. இப்போது அது மாநிலக் கொடியில் மட்டும் நடமாடுகிறது. கருங்கரடி மனிதரைத் தேடி வருவதில்லை, மனிதரின் சாப்பாட்டைத் தேடி வருகிறது. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1998-ல் மட்டும் கரடிகள் மனித உணவைத் தேடி வந்து செய்த கைவரிசைகள் 1,500-ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பாலானவை கார் உடைப்பு. கதவின் மேல்விளிம்பில் நகத்தைக் கொடுத்து, பவுடர் டப்பாவின் மூடியை நாம் கரண்டிக் காம்பால் நெம்புவதுபோல் நெம்பிவிடும். எந்த வகைக் காரை அதிகம் உடைக்கின்றன என்று 2001 முதல் 2007 வரையிலான பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் அலசினார்கள். முதலிடம் மினிவேனுக்கு. குழந்தைகள் சிந்திய பிஸ்கட் தூளும் பழரசமும் இருக்கைகளின் இடுக்கில் மணப்பது காரணமாக இருக்கலாம் என்றார்கள். சின்னப் பிள்ளைகளை வைத்துக் கார் ஓட்டுகிற யாரும் ஆராய்ச்சி இல்லாமலே இதைச் சொல்லியிருப்பார்கள்.

வேடிக்கை இதோடு சரி. மனித உணவின் ருசி கண்ட கரடி காட்டு உணவைத் தேடும் சிரமத்தை விட்டுவிடுகிறது, குட்டிக்கும் அதையே பழக்குகிறது. பயம் விட்டுப்போய்க் கூடாரத்துக்குள்ளேயே நுழையத் துணியும் நாளில் பூங்காக்காரர்கள் அதைக் கொன்றுவிட வேண்டியதாகிறது. ஒரு பொட்டலம் நிலக்கடலையை ஒழுங்காக மூடி வைக்காததற்குத் தண்டனை கரடிக்கு.

இதற்கு விடையாக வந்தது ஒரு டப்பா. 1980-களில் கலிபோர்னியாவின் வைசேலியா ஊரில் கார்சியா மெஷின் என்ற பட்டறை தடித்த கறுப்பு பிளாஸ்டிக்கில் ஓர் உருளையைச் செய்தது. உயரம் ஏறத்தாழ 30 செ.மீ., விட்டம் 22 செ.மீ., வெறும் டப்பாவின் எடையே ஒன்றேகால் கிலோ. அதன் சாமர்த்தியம் அதில் இல்லாத விஷயங்களில் இருக்கிறது. கைப்பிடி இல்லை, துருத்தும் விளிம்பு இல்லை, மூடி உள்ளே பதிந்து கிடக்கும். கரடியின் ஆயுதம் தாடையும் நகமும். தாடை நொறுக்க வேண்டுமானால் பொருள் வாய்க்குள் நுழைய வேண்டும். இந்த விட்டம் நுழையாது. நகம் கிழிக்க வேண்டுமானால் மாட்டிக்கொள்ள ஓர் இடுக்கு வேண்டும். இந்த வழவழப்பில் அது கிடையாது. மூடியின் இரண்டு தாழ்களைத் திருப்ப ஒரு நாணயம் போதும். கரடியிடம் சில்லறை இருப்பதில்லை.

பிறகு உள்ளே இருப்பது தெரியும் பாலிகார்பனேட் டப்பாக்களும், விலை கூடிய கார்பன் இழை டப்பாக்களும் வந்தன. புதிய மாதிரி எதுவானாலும் மொன்டானா மாநிலத்தின் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் இருக்கும் காப்பகத்துக் கரடிகளிடம் தேர்வு எழுத வேண்டும். தின்பண்டம் போட்டு மூடிய டப்பாவை அவற்றின் முன் உருட்டிவிடுவார்கள். கடித்தும் உதைத்தும் ஏறிக் குதித்தும் கரடி அதோடு மல்லுக்கட்டும் நேரம் மொத்தம் 60 நிமிடம் ஆகும்வரை திறக்காமல் தாங்கினால் தேர்ச்சி.

தேர்ச்சி பெற்ற டப்பாவையும் ஒரு கரடி திறந்தது. நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலைகளில், இரண்டு காதிலும் மஞ்சள் அடையாள வில்லை மாட்டியிருந்ததால் ‘எல்லோ எல்லோ’ என்று பெயர் பெற்ற சின்னப் பெண் கரடி அது. பாலிகார்பனேட் டப்பாவின் திருகுமூடியில் ஒரு குமிழை விரலால் அழுத்தினால்தான் மூடி சுழலும். அவள் பல்லால் அழுத்தினாள். கம்பெனி இரண்டு குமிழ் வைத்தது. அதையும் கண்டுபிடித்தாள். 2012-ல் ஒரு வேட்டைக்காரரின் குண்டுக்கு இரையாகும்வரை அந்த வட்டாரத்தில் அவளுக்கு எதிராக வேறு வகை டப்பா கொண்டுபோகச் சொல்லித்தான் அறிவுரை.

சியராவுக்குத் திரும்புவோம். இந்த டப்பாவின் அருமை முழுக்கத் தெரிவது ஜான் மியூர் பாதையில். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் தொடங்கித் தெற்கே 340 கி.மீ. சென்று, 4,421 மீட்டர் உயர விட்னி சிகரத்தின் உச்சியில் முடியும் ஒற்றையடிப் பாதை. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவின் பெருநிலப்பரப்பில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. ஏறி இறங்கி ஏறி, மொத்த ஏற்றத்தை மட்டும் கூட்டினால் 14,000 மீட்டர். நடுவில் ரெட்ஸ் மெடோ என்ற இடத்தைத் தாண்டியபின் கடைசிவரை சுமார் 250 கி.மீ. தூரத்துக்கு ஒரு தார்ச்சாலைகூடக் குறுக்கிடாது. கடையும் இல்லை.

பெயர் இயற்கை ஆர்வலர் ஜான் மியூருடையது. ஆனால் அவர் இந்தப் பாதையில் நடந்ததில்லை. 1914 டிசம்பரில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டுதான் கலிபோர்னியா சட்டமன்றம் 10,000 டாலர் ஒதுக்கிப் பாதை வேலையைத் தொடங்கியது. மலையின் முதுகெலும்பு வழியாகவே ஒரு பாதை போக வேண்டும் என்ற எண்ணம் 1884-ல் ஃபிரெஸ்னோ பக்கம் மாமாவின் மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்த தியோடர் சாலமன்ஸ் என்ற 14 வயதுப் பையனுடையது. கிழக்கே வானத்தை அடைத்து நின்ற மலையைப் பார்த்துக் கண்ட கனவு. வளர்ந்ததும் அவரே வழி தேடிப் போனார். 1895-ல் ஒரு சிகரக் கூட்டத்துக்கு டார்வின், ஹக்ஸ்லி, வாலஸ் என்றெல்லாம் பெயர் சூட்டினார். அவருக்கும் பல நூற்றாண்டு முன்பே இந்தக் கணவாய்களைப் பயூட் முதலான பழங்குடி மக்கள் வியாபாரத்துக்காகக் கடந்திருக்கிறார்கள். பாதையை ‘நூமூ போயோ’ என்று, மக்களின் வழி என்று, அழைக்க வேண்டும் என்பது இன்று பயூட் மக்கள் பலரின் கோரிக்கை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இனிக் கணக்கு. பாதையின் நடுப்பகுதியில் மியூர் டிரெயில் ரேஞ்ச் என்றொரு பண்ணை இருக்கிறது. புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே ஒரு பிளாஸ்டிக் வாளியில் உணவை அடைத்து அங்கே அனுப்பி வைக்கலாம். வாளியைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டால், விட்னி உச்சி ஏறி மறுபுறம் இறங்கும்வரை சுமார் 180 கி.மீ. பரவலாகப் பயன்படும் பெரிய டப்பாவின் கொள்ளளவு பதினொன்றரை லிட்டர். மலையில் சுமையோடு நடக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3,500 கலோரியாவது வேண்டும். நூறு கிராமில் 450 கலோரி அடங்கும் அளவுக்குச் செறிவான உணவு என்றாலும் 780 கிராம் ஆகிறது; இடம் ஒன்றரை லிட்டரைப் பிடிக்கிறது. ஆக, டப்பாவில் ஏழு நாள் அடங்கும், சற்று இறுக்கினால் ஏழரை. நாளொன்றுக்கு 20 கி.மீ. நடப்பவருக்கு 180 கி.மீ. கடக்க ஒன்பது நாள் ஆகும்.

இந்த ஒன்றரை நாள் இடைவெளியில்தான் பயணத்தின் எல்லா முடிவுகளும் பிறக்கின்றன. ஒன்று, வேகத்தைக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் நடுவில் கியர்சார்ஜ் கணவாய் வழியாகக் கீழே இறங்கி, ஊருக்குப் போய் உணவு வாங்கி, 3,584 மீட்டர் உயரக் கணவாயை மறுபடி ஏறிக் கடந்து வர வேண்டும். அல்லது அடுக்கும் கலை பழக வேண்டும்.

அடுக்குவதில் கைதேர்ந்தவர்களைப் பார்த்தால் கல்யாணச் சீர்வரிசைப் பெட்டி அடுக்கும் அத்தைமார் நினைவு வரும். கடையின் அட்டைப்பெட்டி, காற்றடைத்த பை எல்லாவற்றையும் வீட்டிலேயே கழித்துவிட்டு மெல்லிய உறைகளில் மாற்றுவார்கள். நூடுல்ஸை நொறுக்கித் தூளாக்குவார்கள். ரொட்டி வேண்டாம், சப்பாத்தி போன்ற டார்ட்டியா போதும். டப்பாவும் வட்டம், அதுவும் வட்டம், மூலை வீணாவதில்லை. முதல் நாள் சாப்பாடு டப்பாவுக்கு வெளியே வரலாம், இருட்டுவதற்குள் அது வயிற்றுக்குள் போய்விட வேண்டும். பற்பசை, சன்ஸ்கிரீன், உதட்டுக்குப் பூசும் களிம்பு, குப்பை என்று மணக்கிற எல்லாம் உள்ளே. கரடியின் மூக்குக்குப் புதினா மணமும் பலகாரம்தான். இரவில் டப்பாவைக் கூடாரத்திலிருந்து முப்பது மீட்டராவது தள்ளி, சரிவோ ஓடையோ இல்லாத சமதரையில் வைப்பார்கள். கயிறு கட்டக் கூடாது. கட்டினால் கரடிக்கு இழுத்துப்போகக் கைப்பிடி கிடைத்துவிடும்.

சமையல் வேறொரு கணக்கு. 3,600 மீட்டரில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு நேரம் தீ எரித்தாலும் சூடு அதற்குமேல் ஏறாது. துவரம்பருப்பு அங்கே வேகாது. குக்கரைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் தெம்பில்லை. அதனால் ஏற்கெனவே வெந்து காய்ந்த பொருள்களுக்குத்தான் மரியாதை: உருளைக்கிழங்குத் தூள், ஆவியில் வேகவைத்து உலர்த்திய சாதம், நம் ரவைக்கு அக்கா முறையாகும் கூஸ்கூஸ். வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் போதும், எரிவாயுவும் மிச்சம். உடம்பும் ஒரு குறும்பு செய்யும். மெல்லிய காற்றில் முதல் சில நாள் பசியே எடுக்காது, பாதிச் சாப்பாடு மிஞ்சும். இரண்டாவது வாரத்தில் அதே வயிறு வட்டியும் முதலுமாகக் கேட்கும். எல்லா நாளுக்கும் சமபங்கு போட்டு அடுக்கியவர்கள் அப்போதுதான் தவறை உணர்வார்கள்.

பண்ணையில் நிரம்பி வழியும் டப்பாவோடு புறப்படுபவருக்கு முதலில் எதிர்ப்படுவது மியூர் கணவாய், 3,644 மீட்டர். உச்சியில் 1930-ல் சியரா கிளப் கட்டிய வட்டக் கற்குடில் ஒன்று தேன்கூடு போல நிற்கிறது. அடுத்தது மேதர் கணவாய். அதற்கு அடியில் இருக்கும் ‘தங்கப் படிக்கட்டு’ என்ற ஏற்றம்தான் பாதையிலேயே கடைசியாக, 1938-ல், செங்குத்துப் பாறையைக் குடைந்து முடித்த பகுதி. பெயரில் மட்டும்தான் தங்கம். பிறகு பின்ஷோ, பிறகு கிளென், எல்லாமே 3,600-க்கு மேல். அடுத்து 4,009 மீட்டரில் ஃபாரஸ்டர். அங்கே கிடைக்கும் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் அறுபது சதவீதம்தான் தேறும். நல்லவேளை, கணவாய் உயர உயர டப்பா இளைத்துக்கொண்டே வருகிறது. வடக்கிலிருந்து தெற்கே நடப்பவர்களுக்கு உடம்பும் அதற்குள் உயரத்துக்குப் பழகியிருக்கும்.

ஏறும் நேரத்தையும் மலைதான் தீர்மானிக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் பட்டுச் சூடான காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகமாகக் கூடும். மரமில்லாத கணவாயில் அப்போது நிற்கும் மனிதர்தான் சுற்று வட்டாரத்தில் உயரமான பொருள். எனவே விடியுமுன் எழுந்து, நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டிவிடுவார்கள். ஓடைகளுக்கும் அதே விதி. பகலில் உருகும் பனி மாலையில்தான் கீழே வந்து சேரும். காலையில் முழங்காலளவு ஓடிய தண்ணீர் சாயங்காலம் இடுப்பைத் தள்ளும். பனி அதிகம் பெய்த 2017-ல் சியராவின் ஆறுகளைக் கடக்கும்போது இரண்டு நெடும்பயணிகள் உயிரிழந்தார்கள். கரடியைப் பற்றி இவ்வளவு பேசினேன். சியராவில் ஆள் விழுங்குவது தண்ணீர்தான்.

விட்னி உச்சியிலும் ஒரு கற்குடில் உண்டு. 1909-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வானியல் ஆய்வுக்காகக் கட்டியது. தகரக் கூரை. 1990-ல் புயலுக்குப் பயந்து அதற்குள் ஒதுங்கியவர்கள்மேல் மின்னல் பாய்ந்து ஒருவர் இறந்தார். வானம் கறுத்தால் அங்கே ஒதுங்காமல் இறங்கி ஓட வேண்டும் என்பது இப்போதைய எச்சரிக்கை.

இறங்குகிறவர் முதுகில் டப்பா ஏறக்குறையக் காலி. இடத்தை இன்னொன்று பிடித்திருக்கும். விட்னி வட்டாரத்தில் மண் இல்லை, பாறைதான். கழிவைப் புதைக்க முடியாது. அவரவர் மலத்தை அவரவரே பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். ஐந்து கணவாய்களுக்குச் சோறு சுமந்த டப்பாவோடு அந்தப் பையும் தோளில் ஆடிக்கொண்டு வரும்.

பதினேழு கி.மீ. இறக்கத்துக்குப்பின் விட்னி போர்ட்டல். தார்ச்சாலை, ஒரு சின்னக் கடை, அதில் தட்டை மறைக்கும் அகலத்துக்கு பான்கேக். கார் நிறுத்துமிடத்தின் ஓரம் பழுப்பு நிற இரும்புப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்திலேயே ஒரு பலகை: காருக்குள் உணவு வைக்காதீர்கள்.