மார்கழியில் மணக்கும் பள்ளித் தோட்டம்

மார்கழியில் திருமணங்கள் இல்லை. ஆனாலும் அந்த மாதத்தில்தான் மல்லிகைப் பூவின் விலை ஏறுகிறது. ஏன் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பூக்கட்டும் வீட்டுப் பிள்ளை ஒருவர் இருந்தால் சரியான விடை உடனே வரும்: "பூ வரத்து இல்லை, டீச்சர்."

குண்டு மல்லி வெயிலை விரும்பும் செடி. மார்ச் முதல் ஜூன் வரை நிறையப் பூக்கும்; குளிர் கூடினால் மொட்டு குறையும். நவம்பர் கடைசி வாரத்தில் விவசாயிகள் செடியைத் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்துவிடுவார்கள். புதுத் தளிர் விட்டுக் கோடையில் அது மறுபடி பூக்கும்.

பள்ளித் தோட்டத்தில் மல்லியை மட்டும் நட்டால் என்ன ஆகும்? நாம் பள்ளியில் இருக்கும் மாதங்களில் செடி ஓய்வெடுக்கும். அது நன்றாகப் பூக்கும் மே மாதத்தில் பள்ளிக்கு விடுமுறை. எனவே, நறுமணத் தோட்டம் அமைக்க நினைக்கும் பள்ளிகள் குளிர்காலத்திற்கு ஏற்ற செடிகளைத் தேர்வு செய்வது நல்லது. கார்த்திகையில் விதைத்தால் ஆண்டுத் தேர்வுக்கு முன்பே பலனைப் பார்க்கலாம்.

எந்தச் செடிகள்?

பூவை மட்டும் நம்பாமல் இலை மணக்கும் செடிகளை முதலில் தேர்ந்தெடுப்போம். இவற்றுக்கு அதிகச் செலவில்லை.

*திருநீற்றுப்பச்சிலை:* ஏறத்தாழ ஒரு வாரத்தில் முளைக்கும். இதன் விதையைத்தான் சப்ஜா விதை என்று கடைகளில் விற்கிறார்கள். சில விதைகளை நீரில் போட்டால், சற்று நேரத்தில் வழுவழுப்பான உறை சூழ்ந்து உப்பிவிடும். தொடக்க வகுப்புப் பிள்ளைகள் இதை வியந்து பார்ப்பார்கள்.

*மரிக்கொழுந்து:* குளிர்காலத்திற்கே உரிய செடி. விதை மிகச் சிறியது. மணலுடன் கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போட்டால் போதும். பழைய விதை சரியாக முளைக்காது. அந்த ஆண்டு எடுத்த விதையையே வாங்குங்கள். நவம்பரில் விதைத்தால் பிப்ரவரி, மார்ச்சில் நல்ல மணத்துடன் இருக்கும்.

*ஓமவல்லி, துளசி:* ஓமவல்லியின் தண்டை ஒரு சாண் நீளம் ஒடித்து நட்டாலே வேர்விடும். தண்ணீர் தேங்கினால் அழுகும். துளசியை விதை மூலமாகவும் நாற்றாகவும் வளர்க்கலாம்.

வளாகத்தில் பவளமல்லி மரம் இருந்தால் அதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பவளமல்லி மாலையில் மலர்ந்து விடியலில் உதிர்ந்துவிடும்.

இடம் பார்ப்பது எப்படி?

குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் 22 நண்பகலில் மதுரையில் அதன் ஏற்றக் கோணம் ஏறத்தாழ 56 டிகிரி. 4 மீட்டர் உயரச் சுவரின் நிழல் அப்போது வடக்கே 2.6 மீட்டருக்கு மேல் விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். ஜூனில் வெயில் பட்ட அதே இடம் டிசம்பரில் நாள் முழுதும் நிழலாகிவிடும். எனவே, கட்டடத்தின் தென்புறத்தில் பாத்தி அமையுங்கள். நிழலை அளந்து கணக்கிடும் பொறுப்பைப் பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தால், முக்கோணவியல் பாடமும் நடந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை முற்றிலும் விடாத காலம் என்பதால் பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் உயர்த்துங்கள். மண்ணோடு மட்கிய தொழுவுரமும் மணலும் கலந்தால் நீர் வடியும்; நாற்றழுகல் குறையும். காலையில் நீர் விடுங்கள். மாலையில் விட்டால் இரவுப் பனியில் இலை ஈரமாகவே இருந்து பூஞ்சை நோய் வரும். அரையாண்டு விடுமுறைக்கு முன் பாத்தியின் நடுவே சுடுமண் பானை ஒன்றைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவையுங்கள். நீர் மெல்லக் கசிந்து பக்கத்துச் செடிகளுக்குக் கிடைக்கும். பானை வற்றுமுன் நிரப்ப, அருகில் குடியிருப்போர் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

மணம் ஒரு பாடம்

துளசி இலையைத் தடவாமல் முகரச் சொல்லுங்கள். பிறகு கசக்கி முகரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரியும். இலையின் நுண்ணிய சுரப்பிகளில் இருக்கும் எண்ணெய், அவை உடையும்போது வெளிவந்து ஆவியாகிறது. இலையைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்ட இது செடிக்கு உதவுகிறது. பூவின் மணமோ பூச்சிகளை அழைப்பதற்கு. இரவில் மலரும் பூக்களில் பல வெண்மையாகவும் மணம் மிக்கவையாகவும் இருப்பது இருளில் அந்துப்பூச்சிகள் அவற்றைக் கண்டறிய உதவும். விரட்டும் மணம், அழைக்கும் மணம் என்ற இரண்டையும் பிள்ளைகள் முகர்ந்தே பிரித்தறியலாம்.

அடுத்து, ஐந்து கிண்ணங்களில் ஐந்து இலைகளை வைத்து, எல்லாருடைய கண்களையும் கட்டிவிட்டு அடையாளம் காணச் சொல்லுங்கள். பார்வைக் குறைபாடுள்ள மாணவர் பிறர் உதவிக்குக் காத்திருக்காமல் முன்னால் நின்று பங்கேற்கும் செயல்பாடு இது. பல வேளைகளில் குழுவை வழிநடத்துபவரும் அவராகவே இருப்பார்.

சில எச்சரிக்கைகள்: மூச்சிரைப்பு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளை முகரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். எதையும் வாயில் வைக்கக் கூடாது. அரளி நச்சுச் செடி. அதை இந்தத் தோட்டத்தில் சேர்க்காதீர்கள்.

பிப்ரவரியில் திருநீற்றுப்பச்சிலையின் சில கதிர்களைப் பறிக்காமல் முற்ற விடுங்கள். அந்த விதையை உலர்த்தி, பெயரும் தேதியும் எழுதிய உறையில் வைத்தால், அடுத்த கார்த்திகையில் புதிதாக வரும் வகுப்பு அதிலிருந்து தொடங்கலாம்.