பாய்க்கப்பலும் பள்ளிச் சிறாரும்: கடல்வழிக் கல்வியின் சமூக அடிப்படை குறித்துச் சில சிந்தனைகள்

கல்வி பற்றிய கோட்பாடு எதுவாயினும் அதனுள்ளே உழைப்புப் பற்றிய ஒரு கோட்பாடு உறைந்து கிடக்கிறது. கையால் உழைப்போர் ஒரு சாராரும் மூளையால் ஆள்வோர் இன்னொரு சாராருமாகச் சமூகம் பிளவுண்ட காலந்தொட்டு, கல்விக்கூடமும் அப்பிளவைப் பிரதிபலித்தே வந்துள்ளது. ஆகவே, ‘செய்து கற்றல்’ என்னும் முறை போற்றப்படும்போது, எதைச் செய்து, யாருக்காகக் கற்றல் என்ற வினாவும் உடனெழுதல் வேண்டும். சிறாரைக் கப்பலில் ஏற்றி, பாய் விரிக்கவும் வலை வீசவும் நீரை ஆராயவும் பழக்குகின்ற கல்வித் திட்டங்களை அவ்வினாவின் ஒளியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுவர் கப்பலிற் கற்பது புதுமையன்று. 1756இல், ஏழாண்டுப் போரின் தொடக்கத்தில், யோனாஸ் ஹன்வே என்பார் இலண்டனில் கடற்சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். வறிய சிறுவர்க்கு உடையளித்து அரச கடற்படைக்கு அனுப்புவது அதன் பணி. 1786இல் அச்சங்கம் ஒரு கப்பலை வாங்கிப் பயிற்சிக்கூடமாக்கியது. தெருவிற் கிடந்த சிறுவனுக்குச் சோறும் தொழிலும் கிடைத்தன; பேரரசுக்கு மலிவான மாலுமி கிடைத்தான். அறக்கொடையும் ஆளெடுப்பும் அங்கே ஒன்றாயின. 1941இல் வேல்சின் அபர்டோவி என்னும் இடத்திற் கல்வியாளர் குர்ட் ஹானும் கப்பற் கம்பனி உரிமையாளர் லோரன்ஸ் ஹோல்ற்றும் தொடங்கிய பயிற்சிப் பள்ளியும் போர்த்தேவையிலிருந்தே பிறந்தது. எதிரியின் தாக்குதலிற் கப்பல் மூழ்கும்போது இளம் மாலுமிகள் உயிர்தப்புவதற்கான மனத்திண்மையை வளர்ப்பது அதன் குறிக்கோள்களில் ஒன்று. இவ்விரண்டிலும் கற்பித்தல் உண்மையானதே. எனினும் கயிற்றைப் பிடித்த கை, அக்கயிறு யாருடையது எனக் கேட்கும்படி பழக்கப்படவில்லை.

இம்மரபிலிருந்து வேறுபட்டதொரு முயற்சியை அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றிற் காண்கிறோம். அவ்வாறு நியூயோர்க் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 150 மைல் உள்நாடு வரை கடலின் வற்றுப்பெருக்குக்கு உட்பட்டது. அங்கு வாழ்ந்த பழங்குடியினர் அதனை இருபுறமும் பாயும் ஆறு என்ற பொருளில் வழங்கினர். எனவே இவ்வாற்றிற் செலுத்தும் கப்பல் ஒருவகையிற் கடலிலேயே செல்கிறது எனலாம். மக்கட் பாடகர் பீற் சீகர் (1919–2014), ஹட்சனின் பழைய சரக்குப் பாய்க்கப்பல்களைப் பற்றி 1908இல் வெளிவந்த நூலொன்றாற் கவரப்பட்டு, அத்தகைய கப்பலொன்றைக் கட்டும் முயற்சிக்கு வித்திட்டார். அதற்கான அமைப்பு 1966இல் உருவானது. 106 அடி நீளமுள்ள ‘கிளியர்வோட்டர்’ 1969இல் மெயின் மாநிலத்திலே நீரிலிறக்கப்பட்டது.

சீகர் ஒருகாலத்திற் பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினராயிருந்தவர். 1955இல் அமெரிக்க எதிர்ப்பு நடவடிக்கைகளை விசாரித்த காங்கிரசுக் குழுவின் முன் தமது அரசியற் கருத்துகளையும் தொடர்புகளையும் வெளியிட மறுத்தார். அதற்காக 1961இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 1962இல் மேன்முறையீட்டில் விடுபட்டார். தொலைக்காட்சியின் கதவுகள் நெடுங்காலம் மூடப்பட்டிருந்த கலைஞரொருவர் தமது மேடையை ஆற்றிலே தேடிக்கொண்டமை தற்செயலன்று.

இக்கப்பலிற் பின்பற்றப்பட்ட கற்பித்தல் முறை எளிமையானது. ஏறத்தாழ ஐம்பது சிறார் சில மணி நேரப் பயணத்திற்கென ஏற்றப்படுவர். வரிசையாக நின்று கயிற்றை இழுத்து, மாலுமிகளோடு சேர்ந்து பெரும்பாயை உயர்த்துவர். ஒரு சிறுவன் தனித்து அசைக்கவியலாத பாரம் ஐம்பது பேரின் கைகளில் மேலெழுகிறது. கூட்டுழைப்பு என்பது அங்கே சொல்லாக அன்றி அனுபவமாகக் கிடைக்கிறது. பின்னர் இழுவலை இறக்கப்படும். அகப்பட்ட மீன்கள் தொட்டியிலிட்டு ஆராயப்பட்டு மீண்டும் ஆற்றில் விடப்படும். சிறார் சிறு குழுக்களாகப் பிரிந்து, நுணுக்குக்காட்டியில் மிதவை நுண்ணுயிர்களைக் காண்பர். நீரின் உவர்த்தன்மையையும் கரைந்த ஒட்சிசனையும் அளப்பர். சுக்கானைப் பிடித்துப் பார்ப்பர்.

பாயை உயர்த்தும்போது பாடலும் எழும். உழைப்பின் ஒழுங்கிசைவிலிருந்தே கவிதையின் சந்தம் தோன்றியது என ஜோர்ஜ் தொம்சன் விளக்கினார். அவரிடம் பேர்மிங்காமில் ஆய்வு செய்த பேராசிரியர் க. கைலாசபதி வாயிலாக அச்சிந்தனை நமது இலக்கிய ஆய்விலும் வேரூன்றியது. கரைவலை இழுக்கும் நம் மீனவரின் அம்பாப் பாடல்களை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பாடல் அங்கே ஓய்வுநேர அலங்காரமன்று; பல கைகளை ஒரே கணத்தில் இயங்கச் செய்யும் கருவி. பாடநூலிற் செய்யுளாக மட்டும் அறிந்ததன் தோற்றுவாயைக் கயிற்றைப் பற்றிய சிறுவன் தன் தோள்களில் உணர்கிறான்.

ஆயின் இம்முயற்சியின் தனிச்சிறப்பு வலையிலேயே உள்ளது. ஜெனரல் இலெக்றிக் கம்பனியின் இரு தொழிற்சாலைகள் 1947 முதல் 1977 வரை பி.சி.பி. எனப்படும் குளோரின் கலந்த நச்சு இரசாயனங்களை இவ்வாற்றிற் கலக்கவிட்டன. அவற்றின் அளவு 13 இலட்சம் இறாத்தல் வரை இருக்கலாமென அரச மதிப்பீடு கூறுகிறது. அந்நஞ்சு படிவுகளில் தங்கி, சிற்றுயிரிலிருந்து மீனுக்கு ஏறி, கொழுப்பிற் செறிகிறது. 1976இல் ஆற்றின் மேற்பகுதியில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. கீழ்ப்பகுதியின் வணிக மீன்பிடியும் முடக்கப்பட்டது. தலைமுறைகளாக ஆற்றை நம்பிய மீனவர் தொழிலிழந்தனர். 1984இல் ஆறு தேசிய மாசகற்றற் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. படிவுகளை அகழ்வதைக் கம்பனி பல ஆண்டுகள் விளம்பரப் பிரசாரத்தாலும் எதிர்த்தது. அகழ்வு 2009இல் தொடங்கி 2015இல் முடிவுற்றது. கழிவிட்ட காலமும் கழிவகற்றிய காலமும் இடையே முப்பதாண்டுகளுக்கு மேல் விலகி நின்றமை, இலாபத்தின் விரைவையும் நீதியின் தாமதத்தையும் ஒருங்கே காட்டுகிறது.

எனவே சிறுவன் வலையில் எடுத்த மீனைப் பார்த்து, இதனை உண்ணலாமா என வினவுவானாயின், அவ்வினா உயிரியலோடு நில்லாது. ஏன் உண்ணலாகாது, யார் கலந்தார், யார் தடுத்திருக்கலாம் என அது பொருளியலுக்கும் அரசியலுக்கும் இட்டுச்செல்லும். புலனறிவு காரணவறிவாக உயரும் இடம் அதுவே. கையாற் தொடுவது மட்டும் அறிவாகாது. தொட்டதன் பின்னணியிலுள்ள சமூக உறவை இனங்காணும்போதே அது அறிவாகிறது.

இம்முயற்சியை மிகைப்படுத்துதலும் தவறாகும். சில மணி நேரப் பயணம் ஆண்டு முழுவதும் நிகழும் வகுப்பறைக் கல்விக்கு ஈடாகாது. நன்கொடையையும் கட்டணத்தையும் நம்பும் கப்பல், யாவரையும் ஏற்றிவிட முடியாது. மேலும், ஆற்றின் அழகைக் கண்டு வியப்பதோடு பயணம் முடியுமாயின் அது நடுத்தர வர்க்கத்தின் இனிய உலாவாகவே எஞ்சும். ஓய்வுநேரக் கடலுலாவுக்கும் கல்விக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. அதனை வரைவது ஆசிரியர் எழுப்பும் வினாவே.

உற்பத்தி உழைப்பையும் கல்வியையும் இணைப்பதே முழுமனிதரை ஆக்கும் வழியென மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்றொகுதியிற் சுட்டினார். கடற்சங்கத்தின் கப்பலிலும் உழைப்பும் பயிற்சியும் இணைந்திருந்தன. ஆனால் அவ்விணைப்பு பணிவை உருவாக்கியது. ஹட்சனின் கப்பல் அதே கயிற்றையும் பாயையும் கொண்டு வினவும் மனத்தை உருவாக்க முயன்றது. கருவி ஒன்றே; நோக்கம் வேறு. கடல்சார் கல்வித் திட்டம் எதனையும் மதிப்பிடுகையில், சிறுவர் எத்தனை முடிச்சுகளைப் போடக் கற்றனர் என்பதோடு, கரையிறங்கும்போது எத்தகைய வினாவோடு இறங்கினர் என்பதையும் நாம் கேட்டல் வேண்டும்.