படத்தின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

எங்கள் மகள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்தாள். அம்மாவினதும் அப்பாவினதும் சிறுபிராயப் படம் ஒவ்வொன்று தேவை, அவற்றை ஒட்டிக் குடும்ப மரம் செய்யவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ரொறன்ரோவில், ஸ்காபரோவில் வாழும் நாங்கள் இருவரும் அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவரிடமும் அப்படி ஒரு படம் இருக்கவில்லை.

"அப்பா, நீங்கள் ஒருநாளும் சின்னப்பிள்ளையாய் இருக்கேல்லையோ?" என்று அவள் பகிடியாகத்தான் கேட்டாள். எங்களுக்கு அது பகிடியாக இருக்கவில்லை. அன்றிரவு அலுமாரியின் மேல்தட்டிலிருந்த பிஸ்கட் ரின்னை இறக்கி, இரு குடும்பத்துக்குமாக எங்களிடம் எஞ்சியிருந்த படங்களை எண்ணிப் பார்த்தோம். பதினொன்று. அன்று தொடங்கிய வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகின்றோம். புதிதாக வந்து குடியமர்ந்திருக்கும் குடும்பங்கள் நாங்கள் விட்ட பிழையை விடாதிருக்கவேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

எப்படித் தொலைந்தன?

எங்களில் ஒருவர் வலிகாமம், மற்றவர் முல்லைத்தீவு. வலிகாமத்துக் குடும்பம் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள், எல்லோரையும்போல நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு பையில். அல்பங்கள் பாரம் என்றபடியால் அவற்றிலிருந்து கைக்கு வந்த படங்களை மட்டும் உருவி எடுத்து, பொலித்தீன் பையில் சுற்றி, உறுதிகளுக்கு நடுவில் வைத்தார்கள். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த அப்பப்பாவை எடுக்க முடியவில்லை. 1996இல் திரும்பிப் போனபோது சட்டம் உடைந்து, மழை நனைந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்க் கிடந்தது.

முல்லைத்தீவுக் குடும்பம் கடற்கரையோரம் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வீட்டோடு அல்பங்களையும் கொண்டுபோனது. அதன்பின் எடுத்த சில படங்களும் 2009இல் இடத்துக்கு இடம் ஓடும்போது தொலைந்தன.

இது எங்கள் கதை மட்டுமல்ல. வீடு எரிந்தபோது படங்களை இழந்தவர்கள் எம்மிடையே உண்டு. சோதனைச் சாவடிக்குப் பயந்து பிள்ளைகளின் படங்களைத் தாங்களே எரித்தவர்கள் உண்டு. புதைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டும்போது கறையான் தின்ற மட்டையைக் கண்டவர்கள் உண்டு. மின்சாரமும் பற்றறியும் இல்லாத தொண்ணூறுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எடுத்த படங்களே குறைவு. ஆகவே எஞ்சிய ஒவ்வொன்றும் பெறுமதியானது.

பெயர் தெரியாத பிள்ளை

அந்தப் பதினொரு படங்களில் ஒன்று கறுப்பு வெள்ளைப் படம். ஒரு வீட்டு முற்றத்தில் ஆறு பேர் நிற்கிறார்கள். ஐந்து பேரை எங்களுக்குத் தெரியும். ஓரத்தில், பாவாடை சட்டையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் பத்து வயதுப் பெண்பிள்ளை யாரென்று தெரியாது. பின்பக்கத்தில் "தம்பிக்கு" என்ற ஒரு சொல் மாத்திரம் பேனையால் எழுதியிருந்தது.

அந்தப் பிள்ளையை அடையாளம் சொல்லக்கூடியவர் ஊரில் இருந்த பெரியம்மா ஒருவர்தான். நாங்கள் கனடா வந்த நாள்முதல் மாதத்தில் இரண்டு முறையாவது அவருடன் கதைப்போம். விசா, வேலை, பிள்ளைகளின் சளி, ஊர்ப் புதினம் எல்லாம் கதைப்போம். "அடுத்த முறை அந்தப் படத்தைக் காட்டிக் கேட்கவேணும்" என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு விடியற்காலை அவர் காலமான செய்தி வந்தது. செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தோம். படத்தை ஸ்கான் செய்து இன்னும் எட்டுப் பேருக்கு அனுப்பிவிட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தார், காய்ச்சலில் சின்ன வயதிலேயே இறந்துபோனார் என்று வீட்டில் சொல்வார்கள். இந்தப் பிள்ளை அவராக இருக்கலாம். அப்படியானால் அவருடைய ஒரேயொரு படம் எங்களிடம்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஒரு ரெலிபோன் கதையில் தீர்ந்திருக்கவேண்டிய கேள்வி இனி ஒருபோதும் தீராது.

அதனால்தான் சொல்கின்றோம்: முதலில் அல்பம் வாங்க ஓடாதீர்கள். முதலில் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். வீட்டில் ஆக வயதுபோனவர் யாரோ, அவரிடமிருந்து தொடங்குங்கள்.

எதை எழுதுவது, எப்படி எழுதுவது?

"பெரியம்மா, நல்லூர்" என்று எழுதினால் போதாது. உங்களுக்குப் பெரியம்மா, உங்கள் பிள்ளைக்கு அம்மம்மா முறை. பேரப்பிள்ளை அதை வாசிக்கும்போது "யாருடைய பெரியம்மா?" என்று கேட்கும். ஆகவே முழுப் பெயர், தகப்பன் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், ஊர், ஆண்டு, என்ன விசேடம் என்று எழுதுங்கள். ஆண்டு நிச்சயமில்லாவிட்டால் "1978 அளவில்" என்று போடுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். இங்கே வளரும் பிள்ளைகள் எல்லோரும் தமிழ் வாசிப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

போல்பொயின்ற் பேனையால் படத்தின் பின்னால் அழுத்தி எழுதக்கூடாது. முகத்தில் தழும்பு விழும், மையும் ஊறும். பழைய கடதாசிப் படங்களுக்கு மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதலாம். பிற்காலத்துக் கலர்ப்படங்களின் முதுகு வழுக்கும், பென்சில் பிடியாது. அவற்றுக்குப் படத்தில் எழுதாமல் ஒரு துண்டில் எழுதி உடன் வையுங்கள், அல்லது அல்பப் பக்கத்தில் படத்துக்குக் கீழே எழுதுங்கள்.

முதியவர் கதைக்கும்போது கைத்தொலைபேசியில் குரலைப் பதிவுசெய்யுங்கள். "இது யார்?" என்று மட்டும் கேட்காமல், "இந்தப் படம் எடுத்த அன்று என்ன சமைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெயருக்குப் பத்துக் கதை வரும்.

ஒரு படமும் இல்லாதவர்கள்

முல்லைத்தீவுப் பக்கத்துக்கு எங்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை. பிறகுதான் ஒரு விடயம் உறைத்தது. அந்தக் காலத்தில் கலியாணம், சாமத்தியவீடு, முதலாம் பிறந்தநாள் என்றால் ஒரு பிரதியைக் கடிதத்துக்குள் வைத்து வெளிநாட்டிலிருந்த உறவினருக்கு அனுப்புவது எம்மவர் வழக்கம். ஊரில் அழிந்த படம் இலண்டனிலோ ஜேர்மனியிலோ யாரோ ஒருவரின் லாச்சிக்குள் கிடக்கக்கூடும். ஒவ்வொருவராகக் கேட்டோம். ஜேர்மனியில் இருக்கும் மாமா ஒருவரின் அல்பத்திலிருந்து அம்மம்மாவின் கலியாணப் படம் கிடைத்தது. அதை எங்கள் வீட்டில் முதன்முதல் பார்த்த அன்று ஒருவரும் சாப்பிடவில்லை.

கல்வெட்டுக்களையும் தேடுங்கள். ஒருவர் காலமாகி 31ஆம் நாளில் வெளியிடும் நினைவு மலர்களில் படத்தோடு பூட்டன் காலத்திலிருந்து வம்சாவழியும் அச்சாகியிருக்கும். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் இப்படியான மலர்கள் பல சேர்க்கப்பட்டுள்ளன. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பழைய அடையாள அட்டை, பாடசாலைச் சஞ்சிகை, பாஸ்போட் இவற்றிலும் முகங்கள் இருக்கின்றன.

அதுவும் இல்லையா? வீட்டைக் கீறுங்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்களிடம் தாங்கள் இழந்த வீடுகளின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறச்சொல்லி, அவற்றைத் தொகுத்து 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலாக்கினார். படலை எங்கே, கிணறு எங்கே, ஆட்டுக்கல் எந்தப் பக்கம், முருங்கை எந்த வேலியோடு என்று கீறும்போது கை தானாக ஞாபகப்படுத்தும். எங்கள் மகளுடன் இருந்து நாங்களும் கீறினோம். கிணற்றடி எந்தப் பக்கம் என்று முல்லைத்தீவுச் சகோதரங்கள் மூவரும் வட்ஸ்அப்பில் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையையும் எழுதி வைத்திருக்கின்றோம்.

பாதுகாக்கும் முறை

வந்த புதிதில் பலர் பேஸ்மென்றில் குடியிருக்கின்றோம். பேஸ்மென்றின் ஈரம் படங்களுக்கு எதிரி. ரொறன்ரோவில் 2013 யூலை 8ஆம் திகதி பெய்த பெருமழையில் பல பேஸ்மென்றுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. படங்களைத் தரையில் வைக்காதீர்கள். வெளிச்சுவரோடும், ஹீற்றருக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். படுக்கையறை அலுமாரியின் மேல்தட்டு நல்லது. சுவரில் மாட்டுவதற்குப் பிரதி எடுங்கள், மூலப்படத்தை வெளிச்சம் படாமல் உள்ளே வையுங்கள்.

எழுபது, எண்பதுகளின் கலர்ப்படங்கள் இருட்டில் வைத்தாலும் நாளடைவில் நிறம் மங்கும். ஆகவே அவற்றை முதலில் ஸ்கான் செய்யுங்கள். சிறிய படங்களுக்கு 600 டிபிஐ வையுங்கள். ஸ்கானர் இல்லாவிட்டால் யன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், கைத்தொலைபேசியைப் படத்துக்கு நேர்மேலே பிடித்து எடுக்கலாம். பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கணினியில் ஒன்று, வேறு வீட்டில் அல்லது வேறு இடத்தில் ஒன்று என இரண்டு பிரதிகளாவது இருக்கவேண்டும்.

முன்பு எல்லோர் வீட்டிலும் இருந்த, மேலே பிளாஸ்ரிக் தாளும் கீழே பசைப் பக்கமும் உள்ள அல்பங்கள் நல்லவையல்ல. அந்தப் பசை மஞ்சளித்துப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். இழுத்துக் கிழிக்காதீர்கள். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை, மெழுகு இல்லாததாக, படத்துக்குப் பின்னால் மெதுவாக ஓட்டிக் கழற்றலாம். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கான் செய்துவிட்டு அப்படியே விடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிய எங்கள் அப்பப்பாவையும் உரிக்காமல் கண்ணாடியோடுதான் ஸ்கான் செய்தோம். ஒரு கன்னம் இல்லை. கண் இரண்டும் இருக்கின்றன.

தண்ணீர் பட்ட படங்கள் ஒன்றோடொன்று காய்ந்து ஒட்டுவதற்கு முன், சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, முகம் மேலே தெரியும்படி பரப்பிக் காற்றில் உலரவிடவேண்டும். வெயிலும் வேண்டாம், தலைமயிர் உலர்த்தியும் வேண்டாம்.

பிள்ளைகளோடு ஒரு ஒட்டுக்கொப்பி

அசிட் இல்லாத தடித்த தாள்களும், படத்தைச் சொருகும் மூலைகளும் கைவினைப் பொருட் கடைகளில் கிடைக்கும். பசை, செலோரேப் வேண்டாம். மூலப்படத்தை வெட்டி அலங்கரிக்காதீர்கள், வெட்டுவதற்குப் பிரதி எடுத்துக் கொடுங்கள்.

படம் மட்டும் அல்ல. வந்திறங்கிய விமானச் சீட்டு, முதல் பஸ் பாஸ், பிள்ளையின் முதல் தமிழ் எழுத்து, அம்மம்மா கைப்பட எழுதிய மிளகாய்த்தூள் அளவு, ஊரிலிருந்து வந்த கடிதத்தின் முத்திரை, முகாமில் தந்த அட்டையின் பிரதி எல்லாம் அதில் இடம்பெறலாம். ஞாயிறு பின்னேரம் ஒரு பக்கம் போதும். பிள்ளை ஒட்டட்டும், நீங்கள் கதை சொல்லுங்கள், பெயரைப் பிள்ளையே எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தி அழிக்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

மூலப்படத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். குடும்பத்தை அழைப்பதற்கான விண்ணப்பங்களில் உறவை நிரூபிக்கப் படம் தேவைப்படலாம். அப்போது நல்ல பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கேட்டால் மட்டும் காட்டித் திருப்பி வாங்குங்கள். படம் ஒரு சாட்சியம். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில் அமர்ந்தபோது தாய்மார் கையில் ஏந்தியிருந்தது பிள்ளைகளின் படங்களைத்தான். பல தாய்மாருக்கு அது ஒன்றே மிச்சம்.

அடுத்தது, ஊரில் இருப்பவர்களின் படங்களை அவர்களைக் கேட்காமல் முகநூலில் போடாதீர்கள். உங்களுக்கு அது பழைய நினைவு. அவர்களுக்கு அது இன்றைக்கும் சிக்கலாகலாம்.

எங்கள் மகள் கடைசியில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது அம்மம்மாவின் கலியாணப் படப் பிரதியும், நாங்கள் கீறிய வீட்டுப் படமும்தான். அம்மா அப்பாவின் சிறுபிராயப் படத்துக்குரிய இரண்டு கட்டங்களிலும் தானே இரண்டு முகங்களைக் கீறி, பெயரும் ஊரும் எழுதியிருந்தாள். அந்தத் தாள் இப்போது எங்கள் கொப்பியின் முதற்பக்கத்தில் இருக்கிறது. ஆறு பேர் நிற்கும் படம் மூன்றாம் பக்கத்தில். ஐந்து பெயர்கள் எழுதி, ஆறாவது இடத்தை வெறுமையாக விட்டிருக்கின்றோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பையோ ரின்னோ இருக்கும். இந்த ஞாயிறு அதை இறக்குங்கள். ஒரு படத்தை எடுத்து, அதிலுள்ளவர்களைத் தெரிந்த ஒருவருக்கு அன்றைக்கே ரெலிபோன் எடுங்கள்.