‘முடியே கொட்டாது’ என்று விற்கப்படும் நாய்

ஸ்டாண்டர்ட் பூடில் குட்டியை விற்பவர்கள் பலரும் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “இதுக்கு முடியே கொட்டாது சார்.” இது பாதி உண்மை. மற்ற நாய்களைப் போல பூடிலுக்கும் முடி உதிரத்தான் செய்கிறது. ஆனால் உதிர்ந்த முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. சோபாவில் முடி இருக்காது. நாயின் அக்குளில் சடை இருக்கும். வீட்டைக் கூட்டும் வேலை மிச்சமாகி, நாயைச் சீவும் வேலை கூடுகிறது. இந்த இரண்டாம் பாதியை விற்பவர் சொல்வதில்லை.

குட்டி வந்து ஏழெட்டு மாதம் கழித்துத்தான் அது புரிகிறது. மென்மையான குட்டி முடி போய், அடர்ந்த சுருள்முடி வரும் காலம் பெரும்பாலும் 9 முதல் 18 மாத வயதுக்குள் அமைகிறது. சொன்ன பேச்சைக் கேட்காத விடலைப் பருவமும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான் வருகிறது. சீப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில், சீப்பைக் கண்டாலே நாய் கையைக் கவ்வுகிறது. நாமும் “நாளைக்குப் பார்ப்போம்” என்று விடுகிறோம். சடை கட்டிய நாய் குரூமிங் சென்டருக்குப் போய்ப் போராடுகிறது, சில வேளை காயத்தோடு திரும்புகிறது. யார் பொறுப்பு என்ற சண்டை அங்கே தொடங்குகிறது. இந்தச் சங்கிலியை எங்கே அறுக்கலாம், அறுக்க முடியாமல்போனால் சட்டத்தில் என்ன வழி என்பதைப் பார்ப்போம்.

சடைக்கு அடியில் நடப்பது

பூடிலின் முடி வெட்டாவிட்டால் வளர்ந்துகொண்டே போகும். காதின் பின்புறம், கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், தொடையிடுக்கு, வாலின் அடி ஆகிய உராய்வும் ஈரமும் உள்ள இடங்களில் முதலில் சிக்கு விழும். கவனிக்காத சிக்கு சடையாகி, தோலோடு இறுகி, நாய் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் தோலை இழுக்கும். காற்றுப் படாத தோல் ஈரத்தில் ஊறிப் புண்ணாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் வேகமாக நடக்கும். உண்ணிகளுக்கும் சடை நல்ல மறைவிடம். உண்ணிவழி பரவும் எர்லிகியா, பபீசியா இரண்டுமே நாயின் உயிரைப் பறிக்கக்கூடிய நோய்கள்.

இங்கே இரண்டு தவறுகள் பெரும் சேதம் செய்கின்றன. ஒன்று, சடையோடு குளிப்பாட்டுவது: நனைந்து காயும்போது சடை மேலும் இறுகும். இரண்டு, கத்தரிக்கோலால் சடையை வெட்டுவது: இறுகிய சடைக்குள் தோலும் மடிந்து ஏறியிருக்கும், வெட்டிய பிறகுதான் தெரியும். உடம்பு முழுக்கச் சடை கட்டிவிட்டால் மெஷின் வைத்து ஒட்ட வழித்துவிடுவதே இரக்கமான வழி. ஒவ்வொரு சடையாகப் பிரித்தெடுக்கச் சொல்லி குரூமரை வற்புறுத்துவது நாய்க்குச் செய்யும் கொடுமை.

விடலை நாயிடம் பலம் காட்டாதீர்கள்

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் குழுவினரும் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 5 மாதத்தில் ‘உட்கார்’ என்றால் உட்கார்ந்த நாய்கள், 8 மாதத்தில் தம்மை வளர்ப்பவர் சொன்னால் கேட்கத் தயங்கின. அந்நியர் சொன்னால் அவ்வளவு தயக்கமில்லை. ஆய்வில் இருந்தவை பூடில்கள் அல்ல. வழிகாட்டி நாயாகப் பயிற்றுவிக்க வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்றவை. ஆனாலும் ஒன்று தெளிவு: இந்த முரண்டு கடந்துபோகும் ஒரு கட்டம், கெட்ட குணம் அல்ல.

அந்தக் கட்டத்தில் நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துச் சீவினால், பூடில் போன்ற கூர்த்த நினைவுள்ள நாய் அதை எளிதில் மறக்காது. ஒரு காலை மட்டும் இரண்டு நிமிடம் சீவி, தின்பண்டம் கொடுத்து, அது முரண்டு பிடிக்கும் முன்பே நிறுத்துங்கள். டிரிம்மரை ஓடவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்க வைக்கலாம்; நாய் அமைதியாக இருந்தால் பரிசு. சீவுவதற்கு முன் நல்ல நடை, கொஞ்சம் ஓட்டம் அவசியம். ஸ்டாண்டர்ட் பூடில் தண்ணீரில் விழுந்த வாத்துகளை எடுத்துவரப் பழக்கப்பட்ட வேட்டைநாய் வம்சம். பால்கனியில் அடைத்து வைத்தால் அதன் சக்தி எங்காவது வெடிக்கத்தான் செய்யும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• முடி மாறும் மாதங்களில் தினமும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள், 15 நிமிடம் சீவுங்கள்.

• மேலோட்டமாகத் தடவினால் பயனில்லை. முடியை வகிடு எடுத்து, தோல் தெரியும்படி பிரித்து, பாதத்திலிருந்து மேல்நோக்கி வரிவரியாக ஸ்லிக்கர் பிரஷ்ஷால் சீவ வேண்டும். பிறகு உலோகச் சீப்பு தோலிலிருந்து நுனிவரை எங்கும் மாட்டாமல் போனால்தான் வேலை முடிந்தது.

• சீவிய பிறகே குளியல். குளித்ததும் அடிமுடி வரை உலர்த்துங்கள். சூடான காற்று வேண்டாம்.

• 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்டுங்கள். முடி மாறும் காலம் முழுக்கக் குட்டையாக வைத்திருப்பதே நம் வெப்பத்துக்கும் நாயின் நிம்மதிக்கும் ஏற்றது. தேவையில்லாமல் தோல்வரை வழிக்க வேண்டாம், வெயில் சுடும்.

• தொங்கும் காதுகளை வாரம் ஒருமுறை பாருங்கள். நாற்றம், தலையை உதறுதல், சிவப்பு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நலமாக உள்ள காதில் முடியைப் பிடுங்கத் தேவையில்லை.

தினமும் சீவும் கைக்குத்தான் நோயும் முதலில் அகப்படும். செதில் செதிலாக உரிந்து, திட்டுத் திட்டாக முடி கொட்டினால் அது ‘செபேசியஸ் அடினைட்டிஸ்’ என்ற எண்ணெய்ச் சுரப்பி அழற்சியாக இருக்கலாம். இந்த இனத்தை அதிகம் தாக்கும் நோய் அது, தோல் பயாப்சியில்தான் உறுதியாகும். ஷாம்பூவை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. காரணம் தெரியாமல் அடிக்கடி வாந்தி, சோர்வு என்றால் அடிசன் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்து, நிலைகொள்ளாமல் அலைந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

குரூமரிடம் விடும் முன்

கால்நடை மருத்துவர்களுக்கு இருப்பதுபோல் குரூமர்களுக்குப் பதிவுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. திறமைசாலிகளும் இருக்கிறார்கள், சில வாரம் பழகிவிட்டுக் கடை திறந்தவர்களும் இருக்கிறார்கள். நீங்கள்தான் கேட்டறிய வேண்டும்.

• வேலை நடக்கும்போது நான் பார்க்கலாமா? கண்ணாடிச் சுவரோ சிசிடிவியோ உண்டா?

• கூண்டுக்குள் அடைத்துச் சூடான காற்று விடும் டிரையர் பயன்படுத்துகிறீர்களா? ஆம் என்றால் வேண்டாம். வெப்பத்தாக்கில் நாய் இறக்கக்கூடும்.

• மேசையில் கழுத்துக் கயிறு மாட்டிய நாயைத் தனியே விட்டுப் போவீர்களா? கீழே குதித்தால் அதுவே தூக்குக் கயிறாகிவிடும்.

• பிளேடு சூடேறியதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? அவசரமென்றால் எந்த மருத்துவரிடம் கொண்டுபோவீர்கள்?

“ரொம்ப ஆடுது, ஒரு மாத்திரை போட்டுடலாம்” என்று சொன்னால் நாயை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி பதிவுபெற்ற மருத்துவரே வைத்தியம் செய்யலாம். மயக்கமருந்து குரூமரின் வேலை அல்ல.

உங்களுக்கும் கடமை உண்டு. கடித்த பழக்கம், வலிப்பு, அலர்ஜி, தடுப்பூசி விவரம் எதையும் மறைக்காதீர்கள். எவ்வளவு சடை இருக்கிறது, எந்த நீளத்துக்கு வெட்டலாம் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பேசிக்கொள்ளுங்கள். விடும்போது நான்கு பக்கமும் படம் எடுத்துவையுங்கள். சடை மூடியிருந்த காதை வழித்த பிறகு நாய் தலையை உதறி, காது மடலில் ரத்தம் கட்டுவது உண்டு. பழைய சடையின் அடியில் புண்ணும் இருக்கலாம். இவை எப்போதும் குரூமரின் தவறு அல்ல. முன்கூட்டிய படம் இருவரையும் காக்கும்.

காயமோ மரணமோ நேர்ந்தால்

முதலில் மருத்துவம், கையோடு எழுத்துமூலமான அறிக்கையும் வாங்குங்கள். பில், பணம் கட்டிய பதிவு, உரையாடல், படங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சிசிடிவி பதிவை அழிக்க வேண்டாம் என்று அன்றே எழுத்தில் கேளுங்கள். நாய் இறந்துவிட்டால், துக்கத்தோடு துக்கமாக உடனே புதைத்துவிடாமல் உடற்கூறாய்வு செய்யச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் வழக்கு நிற்காது.

கவனக்குறைவு என்றால் இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாட்டுக்கு 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக்கட்டணமும் இல்லை. அதற்கு முன் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

“எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற பலகையைக் கண்டு பின்வாங்காதீர்கள். சட்டத்தின் கண்ணில் நாய் உங்கள் உடைமை. ஒப்படைக்கப்பட்ட உடைமையை நியாயமான அக்கறையோடு காக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151. ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சிட்டுவிட்டு, ஊழியரிடம் ஒப்படைத்த காரைத் தொலைத்த ஓட்டல் அந்த வரியைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வாதம் இங்கும் கைகொடுக்கும்.

வேண்டுமென்றே அடித்ததோ ஊனமாக்கியதோ கொன்றதோ என்றால் அது போலீஸ் விஷயம். கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் 5 ஆண்டுவரை சிறைக்கு இடமுண்டு. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான். அதனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

வாங்கும்போதும் வசிக்கும்போதும்

2017-இன் நாய் இனப்பெருக்க விதிகளின்படி விற்பனைக்காக நாய் வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள். கென்னல் கிளப் சான்றிதழ் வம்சாவளியைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தை அல்ல. தாய், தந்தையின் இடுப்பெலும்பு, கண் பரிசோதனை முடிவுகளைத் தனியே கேட்க வேண்டும்.

“அலர்ஜியே வராது” என்ற பேச்சையும் நம்பாதீர்கள். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது. 2012-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, ‘அலர்ஜி தராதவை’ எனப்படும் இனங்களின் முடியிலும் அந்தப் புரதம் குறைவாக இல்லை என்று காட்டியது.

“பொண்ணு நாய் பருவத்துக்கு வந்துடுச்சு, ஒரு மேட்டிங் விடலாமா?” என்று யாராவது கேட்டால், முதல் பருவத்தில் அது இன்னும் வளரும் குழந்தை என்று சொல்லி மறுத்துவிடுங்கள். 2017-இன் அதே விதிகள் 18 மாதத்துக்கு முன் பெண் நாயை இனப்பெருக்கம் செய்ய அனுமதிப்பதில்லை. கருத்தடைக்கு ஏற்ற வயதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

நாய் வளர்ப்பதையே அடுக்குமாடிச் சங்கம் தடை செய்ய முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் அனுப்பிய வழிகாட்டுதல். அதே சமயம் ரேபிஸ் தடுப்பூசி, உள்ளாட்சி உரிமம், வெளியே வரும்போது கயிறு, கழிவை அள்ளுவது ஆகியவை உங்கள் பொறுப்பு. உங்கள் அலட்சியத்தால் நாய் பிறருக்கு ஆபத்தானால் சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு உங்கள்மேல் பாயும். கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு நடையும் ஓட்டமும் தராமல் இருப்பதே 1960 சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம்.

வாங்கும் முன் விலையை மட்டும் கணக்குப் போடாதீர்கள். முதல் ஒன்றரை ஆண்டுக்கு உங்கள் வீட்டில் யாருக்குத் தினமும் 15 நிமிடம் இருக்கிறது என்று பெயர் சொல்லிக் குறியுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் வேறு இனத்தையோ, நாட்டு நாயையோ யோசியுங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று, நேரம் இல்லை என்றால் முடியை ஒட்டக் குட்டையாக வெட்டிவிடுங்கள். அழகு போய்விடுமே என்ற தயக்கம் வேண்டாம். 18 மாதம் தாண்டி முடி நிலைபெற்ற பிறகு விரும்பியபடி வளர்த்துக்கொள்ளலாம். சீப்புக்கும் மெஷினுக்கும் பயப்படாத நாயாக அது அதுவரை வளர்ந்தால் போதும்.