காயாம்பூவைக் கண்டதுண்டா?

"காயாம்பூ வண்ணன், காயாம்பூ வண்ணன் என்று எழுபது வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பூ எப்படி இருக்கும் என்று உங்களில் ஒருத்தராவது எனக்குக் காட்டியிருக்கிறீர்களாடா?"

எங்கள் அத்தைப் பாட்டி ஒரு நாள் மாலை திடீரென்று இப்படி ஒரு கேள்வியைப் போட்டாள். கூடத்தில் கலாசாலைப் படிப்புப் படித்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கருநீலமாக இருக்கும், பாட்டி" என்றான் தம்பி.

"அது எனக்கும் தெரியும். பூவைக் கொண்டு வா!" என்றாள் பாட்டி.

அன்று ஆரம்பித்ததுதான் எங்கள் காயாம்பூ வேட்டை. வாசகர்களும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளலாம். தாமரையைத் தெரியும், முல்லையைத் தெரியும். காயாவைக் கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பெயர் என்னவோ மிகப் பழையது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கியிருக்கும் பூக்களில் காயாவும் ஒன்று. பூவைப்பூ என்ற பெயரும் இதற்கு உண்டு. திருமாலின் திருமேனிக்கு உவமை தேடிய புலவர்கள் இந்தப் பூவிடம்தான் வந்து நின்றார்கள். அவ்வளவு பெருமை பெற்ற செடி இமயமலையிலோ கடல் கடந்தோ இல்லை. நம் சோழமண்டலக் கரையின் செம்மண் காடுகளில் வளரும் சாதாரணப் புதர்தான் அது! தாவர நூலார் இதை மெமிசிலான் அம்பெல்லேட்டம் என்பார்கள். தெலுங்கில் இதற்கு அல்லி என்று பெயர். நம் குளத்து அல்லிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அப்படியானால் ஏன் கண்ணில் படவில்லை? காடு போய்விட்டது, அதனால்தான். மழை குறைந்த கரையோரத்திலும் வருஷம் முழுவதும் பச்சை மாறாமல் நிற்கும் அந்தக் காடுகள், வயலுக்கும் விறகுக்கும் வீட்டுமனைக்குமாக அழிந்துபோயின. மிஞ்சிய துண்டுகளில் பல, கோயில் காடுகளாக இருப்பதால் பிழைத்திருக்கின்றன. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சுற்றி அப்படி ஒரு காடு இருக்கிறது. அங்கே காயாவைக் காணலாம். சட்டம் காப்பாற்றாததை ஐயனாரிடம் இருந்த பயம் காப்பாற்றியிருக்கிறது!

காயா வெறும் அழகுச் செடி மட்டுமல்ல. இதன் இலையிலிருந்து மஞ்சள் சாயம் எடுப்பார்கள். முற்காலத்தில் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளுக்குச் சிவப்பு ஏற்றுகிறபோது, சாயவேருடன் காயா இலையையும் சேர்ப்பது வழக்கம். சாயம் நூலில் பிடித்து நிற்க உதவும் அலுமினியச் சத்து அந்த இலையில் இருக்கிறது. கட்டையோ இரும்பு போல் உறுதியானது.

இனி வளர்க்கும் விதத்தைப் பார்ப்போம்.

கோயில் காட்டில் கை வைக்க வேண்டாம். நாட்டு மரக்கன்றுகள் வளர்க்கும் நாற்றுப்பண்ணைகளில் கேட்டு வாங்குவதே முறை. தாவரப் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் வேறு ஏதாவது நீலப் பூச்செடியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

விதை கிடைத்தால், கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கிக் கழுவி, காயப் போடாமல் உடனே விதைக்க வேண்டும். மணலும் இலைமக்கும் சரிபாதி கலந்து நிழலில் வைத்தால் போதும். முளைக்க நாளாகும். பொறுமையில்லாதவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கன்றை ஐப்பசி மழை தொடங்கும்போது நடுவது நல்லது. ஒன்றரை அடிக் குழி தோண்டி, செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. முதல் இரண்டு கோடைக்கும் தவறாமல் நீர் விட்டு, அடியில் சருகு பரப்பி வையுங்கள். வேர் பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கும். தோட்டம் இல்லாதவர்கள் பெரிய தொட்டியில் வைக்கலாம். பூ, இலைக் கணுக்களிலும் இலை உதிர்ந்த பழைய கிளைகளிலும் வரும். ஆகவே அழகுக்காக அடிக்கடி கத்தரித்தால் பூவை இழப்பீர்கள்.

எங்கள் செடி முழங்கால் உயரத்தில் வந்தது. அடுத்த வருஷமும் முழங்கால் உயரம்தான்! "இது நான் போன பிறகுதான் பூக்கும் போலிருக்கிறது" என்று பாட்டி தினம் ஒரு செம்பு தண்ணீர் விடுவாள். எங்களுக்குச் சுருக்கென்றிருக்கும். செடி அவசரப்படுவதாக இல்லை. பாட்டிக்கோ வயது ஏறிக்கொண்டே இருந்தது.

ஆறாவது வருஷம் பங்குனியில் ஒரு காலை, கிளைகளில் குண்டூசித் தலை போல மொட்டுகள் தெரிந்தன. சில நாளில் கிளை முழுவதும் நீலம். தேனீக்கள் எங்கிருந்தோ வந்து மொய்த்தன. பாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு பூவைப் பார்த்தாள். நான்கே இதழ். மிளகைவிடச் சற்றுப் பெரிது.

"இத்தனூண்டா!" என்றாள். எனக்கு வருத்தமாகப் போய்விட்டது.

பிறகு இரண்டு அடி பின்வாங்கி நின்று, செடி முழுவதையும் பார்த்தாள். வெகு நேரம் பேசவில்லை. "சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னாள்.

பூ சில நாளில் உதிர்ந்துவிட்டது. பிறகு காய்கள் சிவந்து, கறுத்தன. லேசான துவர்ப்போடு தின்ன நன்றாக இருக்கும். கொண்டைக்குருவிகள் பாதியைத் தின்றுவிட்டன. மீதியைப் பாட்டி கழுவி, மணலில் ஊன்றி வைத்தாள். இப்போது ஒன்பது கன்றுகள் இருக்கின்றன. எதிர் வீட்டுக்கு இரண்டு, பெருமாள் கோயில் நந்தவனத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.